எல்லாப் பெட்டியிலும் ‘இன்ஃப்ராரெட்’ என்றுதான் எழுதியிருக்கிறது: எதை வாங்குவது?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். வெள்ளவத்தையில் நாலாம் மாடி வீடொன்றில் இருக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். கனடாவுக்குக் குடிபெயர்ந்த நண்பர் தன்னுடைய தாடி ஓணானை, அதாவது பியர்டெட் டிராகனை, நான்கடிக் கண்ணாடிப் பெட்டியோடு இவரிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பழைய விளக்கு எரிந்துபோய்விட்டது. கடைக்காரரோ சிவப்பு மின்குமிழ், பீங்கான் ஹீட்டர், ஹீட் மேட், ஹலோஜன் என்று நான்கு பெட்டிகளை மேசையில் அடுக்கி, நான்குமே வேண்டும் என்கிறாராம். “நான்கிலும் இன்ஃப்ராரெட் என்று போட்டிருக்கிறது. ஒரே கதிர் என்றால் எதற்கு நான்கு? ஒன்று போதும் என்றால் எது? இரவில் ஏ.சி. போட்டால் அதற்குக் குளிராதா?” என்று கேட்கிறார்.

தம்பி, விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹலோஜனை மட்டும் எடுங்கள். 50 வோட், ஒளி அகலமாக விழும் வகை. மற்ற மூன்றையும் மேசையிலேயே விட்டுவிடுங்கள். அந்தக் காசில் கடைக்காரர் சொல்லாமல் விட்ட இரண்டு சாமான்களை வாங்குங்கள்: சூட்டைப் பார்த்து ஒளியைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று, யு.வி.பி. என்ற கழியூதாக் கதிர் தரும் குழல் விளக்கு ஒன்று. காரணம் கொஞ்சம் நீளம். நான் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். வீட்டில் இருபது வருடமாக ஊர்வனவும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் பேச்சு நீளத்தான் செய்யும்.

ஒரு நாள் காலை எட்டு மணிபோல வெள்ளவத்தைக் கால்வாய்க் கரைக்கு இறங்கிப் பாருங்கள். கபரகொயா, அதாவது நீர் உடும்பு, ஒன்று கரையின் சிமெந்துக் கட்டில் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கும். விலா எலும்புகளை விரித்து, உடம்பைத் தட்டையாக்கி, முதுகு முழுவதையும் வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் காற்றின் வெப்பநிலை 27 பாகை செல்சியஸ் இருக்கலாம். நமக்கே வியர்க்கத் தொடங்குகிற காற்று அது. பிறகு ஏன் அது வெயில் காய்கிறது? அதற்குக் காற்றின் சூடு போதாது. முதுகில் நேராக விழுகிற கதிர் வேண்டும். வயிற்றுப் பக்கம், வெயிலில் காய்ந்த சிமெந்து மெல்லச் சூடு கொடுத்துக்கொண்டிருக்கிறது. மேலிருந்து ஒரு வகைக் கதிர், கீழிருந்து இன்னொரு வகைக் கதிர். உங்கள் நான்கு பெட்டிகளுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இந்தக் காட்சிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

காலி முகத்திடலில் நிற்கும்போது ஒரு மேகம் சூரியனை மறைத்தால் அந்தக் கணமே தோல் குளிர்வதைக் கவனித்திருப்பீர்கள். அந்த இரண்டு விநாடிகளில் காற்று குளிர்ந்துவிடவில்லை. கதிர் நின்றுவிட்டது, அவ்வளவுதான். நம் பாடப்புத்தகங்கள் செந்நிறக்கீழ்க் கதிர் என்றும் தமிழ்நாட்டார் அகச்சிவப்பு என்றும் சொல்கிற இன்ஃப்ராரெட்டை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்ததும் இப்படி ஒரு சூட்டை வைத்துத்தான். அரியத்தால் பிரித்த வெயிலின் நிறங்களில் வெப்பமானிகளை வைத்து அளந்துகொண்டு போனவர், சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி ஏறுவதைக் கண்டார்.

இனி, எல்லாம் ஒரே கதிரா என்ற கேள்விக்கு வருகிறேன். சூடாக இருக்கிற எந்தப் பொருளும் கதிர் வீசும். நீங்களும் வீசுகிறீர்கள், உங்கள் சுவரும் வீசுகிறது. எந்த அலைநீளத்தில் அதிகம் வீசும் என்பதைப் பொருளின் வெப்பநிலை தீர்மானிக்கிறது. உயர்தரத்தில் படித்திருந்தால் வீனின் இடப்பெயர்ச்சி விதி நினைவிருக்கும்: 2898ஐக் கெல்வினில் உள்ள வெப்பநிலையால் வகுத்தால் உச்ச அலைநீளம் மைக்ரோமீற்றரில் கிடைக்கும். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின், உச்சம் 0.5 மைக்ரோமீற்றர். ஹலோஜன் இழை 2,900 கெல்வின் அளவில் எரிகிறது. உச்சம் 1 மைக்ரோமீற்றர். பீங்கான் ஹீட்டரின் மேற்பரப்பு 300 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால் 573 கெல்வின். உச்சம் 5 மைக்ரோமீற்றர். பெட்டிக்கு அடியில் ஒட்டும் சூட்டுப் பாயான ஹீட் மேட், 40 பாகையில் இருந்தால், அதற்கு 9 மைக்ரோமீற்றருக்குச் சற்று மேல். கபரகொயாவின் வயிற்றுக்குக் கீழே இருக்கும் சிமெந்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

இந்தக் கதிர்களை மூன்று பகுதியாகப் பிரிப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு முடியும் இடத்திலிருந்து 1.4 மைக்ரோமீற்றர் வரை ஏ, அங்கிருந்து 3 வரை பி, அதற்கு மேலே எல்லாம் சி. பெயர் இருக்கட்டும், தோலில் விழுந்தால் என்ன நடக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. ஏ வகை தோலைக் கடந்து சில மில்லிமீற்றர் உள்ளே போய், அங்கே ஓடும் இரத்தத்தையும் தசையையும் சூடாக்கும். பி வகை அவ்வளவு ஆழம் போகாது. சி வகை மேல்தோலிலேயே நின்றுவிடும். அங்கிருந்து சூடு மெல்ல மெல்ல உள்ளே கடத்தப்பட வேண்டும். அதற்குள் மேற்பரப்பு சுட்டுவிடலாம்.

கையை வைத்தே இதைப் பார்க்கலாம். எரியும் ஹலோஜனுக்குக் கீழே முக்கால் முழ தூரத்தில் புறங்கையை நீட்டுங்கள். சூடு உள்ளே இறங்குவது போலிருக்கும். பீங்கான் ஹீட்டருக்குக் கீழே அதே சூடு கிடைக்கும் தூரத்தில் நீட்டுங்கள். தோலின் மேலே ஒரு சுணைப்பு வரும். கை தானாகப் பின்வாங்கும். உங்கள் தாடி ஓணானுக்கு வேண்டியது முதலாவது சூடு. அதன் உடம்பு சூடேறினால்தான் தின்ற பூச்சியும் கீரையும் செரிக்கும். வயிறு நிறையத் தின்றுவிட்டுச் சூடில்லாமல் கிடந்தால் தீனி உள்ளேயே கெட்டுப்போகும்.

ஆகவே ஹலோஜன். தரைக்கு வந்து சேரும் வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி இன்ஃப்ராரெட்தான். அதிலும் பெரும்பகுதி ஏ வகை. கடைகளில் கிடைப்பவற்றுள் அதற்கு அதிகம் கிட்ட வருவது ஹலோஜன். வெயிலும் ஹலோஜனும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வெயில் நம்மிடம் வந்து சேருமுன் வளிமண்டலத்தின் நீராவி ஒரு வேலை செய்துவிடுகிறது. தண்ணீர் அதிகம் உறிஞ்சும் அலைநீளங்களை அது மேலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. எஞ்சியதுதான் தோலுக்கு வருகிறது. விளக்குக்கும் பிராணிக்கும் இடையே அப்படி ஒரு வடிகட்டி இல்லை. எனவே ஹலோஜனையும் மூக்குக்குக் கிட்டத் தொங்கவிட்டால் தோல் காயும். தூரமாகவும் அகலமாகவும் வைப்பதுதான் அதற்குப் பரிகாரம்.

நம் ஆட்களுக்கு இது புதிதும் அல்ல. ஊரில் கோழிக்குஞ்சுக்குப் பெட்டிக்குள் மஞ்சள் குமிழ் தொங்கவிடாத வீடு குறைவு. அந்தப் பழைய டங்ஸ்டன் குமிழும் ஹலோஜனின் தாய்வழிச் சொந்தம்தான்; இழை கொஞ்சம் குறைந்த சூட்டில் எரியும், அவ்வளவுதான். தின்னும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கைச் சூடாகவே கொட்டுகிறது என்று குற்றம் சாட்டித்தான் உலகம் அதை ஒதுக்கியது. ஓணானைக் கேட்டால் வேறு தீர்ப்புச் சொல்லியிருக்கும். எல்.ஈ.டி. குமிழ் எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் அதன் ஒளிக்கற்றையில் இன்ஃப்ராரெட் இல்லை என்றே சொல்லலாம். சூடு முழுவதும் அடிப்பாகத்தில் தங்கிவிடும். ‘வோர்ம் வைட்’ என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது நிறத்தின் பெயர். அதை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

ஹலோஜன் வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. எல்.ஈ.டி. வருமுன் செட்டியார் தெரு நகைக்கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் நகையின் மேல் விழுந்த சின்னக் கிண்ணம் போன்ற குமிழ்கள் நினைவிருக்கிறதா? அவற்றின் பின்புறக் கிண்ணம் வெளியிலிருந்து பார்த்தால் ஊதாவும் பச்சையுமாக எண்ணெய்ப் படலம் போல மினுங்கும். அந்தப் பூச்சு ஒளியை முன்னே அனுப்பி, சூட்டில் பெரும்பகுதியைப் பின்பக்கமாக வெளியே விட்டுவிடும். நகையும் பட்டுத் துணியும் சூடாகாமல் இருப்பதற்காகவே செய்த ஏற்பாடு. நமக்கு அது தலைகீழ். ஓணானுக்கு ஒளி வரும், கூரைக்குச் சூடு போகும். ஆகவே புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ வேறெங்கோ மின்சாதனக் கடையில் கேட்கும்போது, உள்ளே வெள்ளி நிற அலுமினியப் பூச்சுள்ள, முகம் அகன்ற, ‘பார் 30’ அல்லது ‘பார் 38’ வகை ஹலோஜன் என்று கேளுங்கள். ‘ஸ்பொட்’ வேண்டாம், ‘ஃபிளட்’ வேண்டும். ஸ்பொட்டின் ஒளி ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவு இடத்தில் குவியும்; முதுகின் நடுவில் ஒரு வட்டம் வெந்துபோகும், வாலடி குளிர்ந்து கிடக்கும். தோளிலிருந்து வாலடி வரை ஒரே அளவில் சூடு விழ வேண்டும். வளர்ந்த பிராணிக்கு ஒரு குமிழ் போதவில்லை என்றால் 50 வோட்டில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடலாம். ஊர்வனவுக்கென்று படம் போட்ட பெட்டியில் வரும் ஹலோஜன் தேவையில்லை. கண்ணாடியும் இழையும் அதேதான். பெட்டியில் இருக்கும் பல்லிப் படத்துக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

சிவப்புக் குமிழைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அது சாதாரண டங்ஸ்டன் குமிழ். கண்ணாடிக்குச் சிவப்பு நிறம் கொடுத்திருக்கிறார்கள். நிறத்தால் இன்ஃப்ராரெட் கூடுவதில்லை, மற்ற நிறங்கள் குறைகின்றன. “ஊர்வனவுக்குச் சிவப்புத் தெரியாது, இரவில் போடலாம்” என்பது கடைகளில் வழிவழியாக வரும் கதை. பகலில் திரியும் ஓணான் இனங்களின் கண்ணில் சிவப்பை உணரும் கூம்புக் கலங்கள் உண்டு. நன்றாகத் தெரியும். இராப்பகலாகச் சிவப்பு வெளிச்சத்தில் உங்களைப் படுக்கச் சொன்னால் எப்படியிருக்கும்? நிலாவெளிச்சம் என்று விற்கும் நீலக் குமிழுக்கும் இதே பதில்தான்.

பீங்கான் ஹீட்டரில் என் கை சுட்டிருக்கிறது. என் கையைவிட என் இகுவானாவுக்கு. பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, இரவுச் சூட்டுக்கு 100 வோட் பீங்கான் ஹீட்டர் ஒன்றைக் கூட்டுக்கு உள்ளேயே தொங்கவிட்டேன். வெளிச்சம் இல்லாத சாமான் என்பதால் எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. எனக்கே தெரியாதபோது இகுவானாவுக்கு எப்படித் தெரியும்? கிளையில் ஏறி, அதற்கு நேர் கீழே முதுகைக் கொடுத்துப் படுத்துவிட்டது. காலையில் பார்த்தபோது முதுகு முள்வரிசைக்குப் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குச் செதில்கள் பழுப்பாகிச் சுருங்கியிருந்தன. மூன்று நாளில் அந்த இடம் கொப்பளித்து நீர் வடிந்தது. மருத்துவர் கொடுத்த வெள்ளிக் களிம்பை நாளுக்கு இரண்டு தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் அதன் வாலால் அடி வாங்கி, நாலு மாதம் கழித்துத் தோல் உரிந்தபோதுதான் ஆறியது. தழும்பு மட்டும் கடைசி வரை இருந்தது. இத்தனைக்கும் அந்த இரவு கொழும்பில் 25 பாகை. அதற்கு ஹீட்டரே தேவைப்பட்டிருக்கவில்லை.

அந்தச் சாமானை முழுக்கத் திட்டவும் மாட்டேன். அதன் கதிர் சி வகை. அதோடு எடுக்கிற மின்சாரத்தில் நல்ல பங்கு சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி மேலே அனுப்புவதில் போகிறது. காற்றைச் சூடாக்க வேண்டிய ஊர்களில் அது பெரிய உதவி. தை மாதத்து நுவரெலியாவில் இரவு வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழேயும் இறங்கும். அங்கே ஒருவர் தாடி ஓணான் வளர்த்தால் கம்பிக் கூண்டு போட்ட பீங்கான் ஹீட்டரை நானே வாங்கச் சொல்வேன். உங்கள் நண்பருக்கும் டொரொன்டோவில் அது வேண்டியிருக்கும். கொழும்பில் காற்றைச் சூடாக்கக் காசு கொடுப்பது, கடலுக்குள் தண்ணீர் ஊற்றுவது.

கணக்கையும் பாருங்கள். 100 வோட் பீங்கான் ஹீட்டர் இரவு பகலாக எரிந்தால் ஒரு நாளைக்கு 2.4 அலகு, மாதம் 72 அலகு. 50 வோட் ஹலோஜன் பகலில் பத்து மணி நேரம் எரிந்தால் நாளைக்கு அரை அலகு, மாதம் 15. அலகு ஏற ஏற விலையும் படியேறும் நம் மின்பட்டியலில் இந்த 72 எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வீட்டில் பட்டியல் கட்டுகிறவர் சொல்வார்.

ஹீட் மேட் தோசைக்கல். கண்ணாடிக்கு அடியில் ஒட்டுவார்கள். அது கதிர் வீசினாலும் 9 மைக்ரோமீற்றர் அளவிலுள்ள அந்தக் கதிர் கண்ணாடியைக் கடக்காது. சாதாரணக் கண்ணாடி 3 மைக்ரோமீற்றருக்கு மேலே சுவர் மாதிரி. ஆகவே நடப்பதெல்லாம் தொடுகைச் சூடு: மேட் கண்ணாடியைச் சூடாக்கும், கண்ணாடி மணலைச் சூடாக்கும், மணல் வயிற்றைச் சூடாக்கும். மேலே மணலைக் கூட்டிப்போட்டால் சூடு அடியில் அடைபட்டுக் கண்ணாடி வெடிக்கவும் கூடும். தாடி ஓணானுக்குச் சூடு மேலிருந்து வரும் என்பதுதான் உடம்பில் எழுதியிருக்கிறது. அடியில் சுட்டால் எழுந்து ஓடுவதற்குப் பதிலாக அதிலேயே படுத்துக் கிடந்து புண்ணாக்கிக்கொண்ட விலங்குகளை நிறையப் பேர் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இரவில் வெளியே வந்து, பகலில் சூடேறிய கல்லில் ஒட்டிக்கொள்கிற லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி போன்றவற்றுக்குத் தெர்மோஸ்டாட்டோடு ஹீட் மேட் சரி. உங்களுக்கு வேண்டாம்.

கடையில் இல்லாத இன்னும் இரண்டு உண்டு. ‘டீப் ஹீட் புரொஜெக்டர்’ என்பது வெளிச்சமே தராமல், பீங்கானைவிடச் சூடான இழையால் ஏயும் பியும் கலந்து வீசும் குமிழ். குளிர் ஊரில் இரவுக்கு அருமை. இங்கே தருவிக்கும் செலவுக்குப் பெறுமதியில்லை. மற்றது, கூரையில் பலகை போலப் பொருத்தும் கதிர்ப் பலகை. குறைந்த சூட்டில் அகலமாகச் சி வகைக் கதிர் தரும். பெரிய பாம்பு வைத்திருப்போர் விரும்புவார்கள். மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகளும் நம் குழி விரியனின் கண்ணுக்கு முன்னால் உள்ள குழியும் ஒரு எலி வீசும் 9 மைக்ரோமீற்றர் கதிரை இருட்டிலும் உணரும். அப்படிப்பட்ட விலங்கின் கூட்டில் ஒரு பீங்கான் ஹீட்டர் எப்படித் தோன்றும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இனி பொருத்தும் வேலை. பெட்டியின் ஒரு கோடியில் பழைய மண் ஓடு ஒன்றையோ தட்டையான கருங்கல்லையோ வையுங்கள். அதற்கு மேலே 30 சென்ரிமீற்றர் உயரத்தில், கம்பி வலைக்கு வெளியே ஹலோஜன். நம் வீடுகளில் பலவற்றில் பின் ஹோல்டர். இந்தக் குமிழ்களோ பெரும்பாலும் திருகு வகை. அதற்காக பிளாஸ்டிக் மாற்றி ஒன்றைச் செருகிவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் பழுப்பாகி உதிரும், அதற்குமுன் மணக்கும். பீங்கான் ஹோல்டரும் சூடு தாங்கும் வயரும் வாங்கிப் புதிதாகவே இணையுங்கள்.

முக்கால் மணி நேரம் எரியவிட்டு, ஓட்டின் மேற்பரப்பை அளவுங்கள். 40 பாகை அளவில் இருக்க வேண்டும். ஓடு மட்டும் போதாது. படுத்திருக்கும் பிராணியின் முதுகு உயரத்தில் ஒரு மரத்துண்டை வைத்து அதையும் அளவுங்கள். முதுகு விளக்குக்கு இன்னும் கிட்ட இருக்கிறது. தூரம் பாதியானால் கதிர் நான்கு மடங்கை எட்டும் என்ற விதி பிரதிபலிப்பான் உள்ள குமிழில் அச்சொட்டாகப் பொருந்தாவிட்டாலும், ஐந்து சென்ரிமீற்றரில் எண் எப்படித் தாவுகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பீர்கள். 50 வோட் போதாவிட்டால் 75க்குப் போகலாம். 150 வோட்டை வாங்கி டிமரால் குறைத்து வைப்பது நல்ல யோசனை போலத் தோன்றும். ஆனால் குறைக்கக் குறைக்க இழை குளிரும், வீனின் விதிப்படி கதிர் நீண்ட அலைநீளத்துக்கு நகரும், நீங்கள் எதற்காக ஹலோஜன் வாங்கினீர்களோ அது கைவிட்டுப் போகும். சின்னக் குமிழை நிறைய எரியவிடுங்கள். தெர்மோஸ்டாட் வெயில் அதிகமான மத்தியானங்களில் கொஞ்சம் இறக்குவதற்கு மட்டும். அதுவும் ஒளியைப் படிப்படியாகக் குறைக்கும் வகையாக இருக்க வேண்டும். போட்டு அணைக்கும் வகையில் ஹலோஜனை மாட்டினால் பெட்டி கலியாண வீட்டு அலங்கார விளக்கு மாதிரி மின்னிக்கொண்டிருக்கும்.

அளக்கும் துப்பாக்கி பற்றி ஒரு வார்த்தை. 2020இல் கடை வாசல்தோறும் நெற்றியில் பிடித்தார்களே, அது இந்த வேலைக்கு ஆகாது. மனித உடம்பின் வீச்சுக்குள் மட்டுமே எண் காட்டும். அதையும் உடல் வெப்பமாகத் திருத்திக் காட்டும். மின்சாதன, மோட்டார் வேலைக்காரர் பாவிக்கும் துப்பாக்கி வேண்டும். அதையும் கண்ணாடிக்கு வெளியே நின்று நீட்டாதீர்கள். நான் மேலே சொன்ன அதே காரணத்தால் அது கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு அளக்க வேண்டும்.

சூடான கோடி 40 என்றால், மறு கோடி 26 முதல் 28 வரை இருக்க வேண்டும். கொழும்பில் கடினமான பகுதி இதுதான். பங்குனி, சித்திரையில் பிற்பகல் அறையே 32க்குப் போகும். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் குளிர்ந்த கோடி என்று ஒன்று இல்லாமலே போய்விடும். குளிரால் செத்த தாடி ஓணானை நான் இந்த ஊரில் கேள்விப்பட்டதில்லை. வெக்கையால் செத்தவற்றைக் கேள்விப்பட்டிருக்கிறேன். மேல்மூடி முழுவதும் கம்பி வலையாக இருக்கட்டும். அந்த மாதங்களில் விளக்கைக் காலை ஏழு முதல் பதினொன்று வரை எரித்து அணைத்துவிட்டாலும் குடிமுழுகாது. அணைத்த பிறகும் அந்த ஓடு ஒரு மணி நேரம் தன் சூட்டை வீசிக்கொண்டிருக்கும். கால்வாய்க்கரைச் சிமெந்தின் வேலையை அது செய்கிறது. சி வகைக் கதிருக்கென்று தனியாக எதையும் வாங்கத் தேவையில்லை என்பது இதனால்தான்.

இதுவரை பேசிய எந்த விளக்கும் யு.வி.பி. தராது. கழியூதாக் கதிரின் அந்தப் பகுதி இல்லாவிட்டால் தோலில் விட்டமின் டி3 உருவாகாது, கல்சியம் எலும்பில் ஏறாது, தாடை இறப்பர் போல மெதுக்கும். தோலில் கதிர் பட்டு முதலில் பிறக்கும் பொருள் டி3ஆக மாறுவதற்கும் உடம்புச் சூடு வேண்டும். அதனால் யு.வி.பி. குழலும் ஹலோஜனும் ஒரே இடத்தில், அந்த ஓட்டின் மேலே விழ வேண்டும்; ஆளுக்கொரு மூலையில் அல்ல. யன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது, கண்ணாடி யு.வி.பி.யைத் தடுத்துவிடும்.

உங்களுக்குப் பால்கனி இருந்தால் பெரும் அதிர்ஷ்டம். காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையே இருபது நிமிடம், கம்பிக் கூண்டில், பாதியில் நிழல் விழும்படி வையுங்கள். ஏயும் பியும் யு.வி.பி.யும் இலவசமாக வருகின்றன. கண்ணாடிப் பெட்டியோடு தூக்கி வைக்கவே கூடாது. பத்து நிமிடத்தில் அடுப்பாகிவிடும். பக்கத்திலிருந்து நகரவும் கூடாது. வெள்ளவத்தைக் காகம் மாசிச் சம்பலுக்கே யன்னலுக்குள் வருவது, ஓணானை விடுமா?

ஏ.சி. கேள்வி. இரவில் 22இல் வைத்தாலும் தாடி ஓணானுக்கு அது சுகமான இரவு. அதன் சொந்த ஊரான அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் இரவு அதைவிடக் குளிரும். குளிர்காற்று நேராகப் பெட்டியில் அடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.சி. கொழும்பின் ஈரப்பதத்தைக் குறைப்பதும் பாலைநில விலங்குக்கு நல்லதே. மின்வெட்டுக்கும் பயப்பட வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாதபோதும், 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று தொட்டதால் நாடே இருண்டது என்று சொல்லப்பட்ட ஞாயிற்றுக்கிழமையிலும், என் வீட்டு ஓணான்களுக்கு நடந்ததெல்லாம் அன்று அவை கொஞ்சம் சோம்பலாக இருந்ததுதான். மின்சாரம் திரும்பி வரும் கணத்தில்தான் கவனம்: மின்னழுத்தம் எகிறி ஹலோஜன் இழை அறுந்துபோகலாம். மின்வெட்டு நேரத்தில் சுவிட்சை அணைத்து வையுங்கள், ஒரு குமிழ் எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவைக்கிறேன். நண்பரிடம் அந்தப் பிராணி எங்கிருந்து வந்தது, பத்திரம் ஏதும் உண்டா என்று கேட்டு வாங்கி வையுங்கள். நம் நாட்டு ஊர்வன பெரும்பாலும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. யாராவது நட்சத்திர ஆமையைக் கொண்டுவந்து, “இதற்கும் ஒரு விளக்குப் போட்டுத் தாருங்கள்” என்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். வளர்க்க முடியாத ஒரு நாள் வந்தாலும் தியவன்னா ஓயாவில் கொண்டுபோய் விடும் எண்ணம் வேண்டாம்.

விளக்கை மாட்டிய மறுநாள் காலை, ஏழு மணிக்கு எரியவிட்டு ஒரு தேநீரோடு முன்னால் உட்காருங்கள். முதலில் அது ஓட்டில் ஏறி, முதுகைக் கறுப்பாக்கி, கபரகொயாவைப் போலவே விலாவை விரித்துத் தட்டையாகும்; கறுத்த தோல் கதிரை அதிகம் குடிக்கும். அரை மணி நேரத்துக்குள் நிறம் வெளிறி, வாயை இலேசாகத் திறந்து வைக்கும். போதும் என்று அர்த்தம். சற்று நேரத்தில் இறங்கிக் குளிர்ந்த கோடிக்கு நடக்கும். ஏறிய கையோடு வாயைத் திறந்தால் விளக்கைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மணிக்கணக்காகக் கறுத்தபடியே ஓட்டில் கிடந்தால் இறக்குங்கள். எதைச் செய்தாலும் ஒரு தடவைக்கு இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம்.